கீழ்த்தளத்தில் இரண்டு வயர்கள்

மார்ச் 4, புதன்

கண் டாக்டர் இன்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார். அடுத்தடுத்து இரண்டு கண்ணிலும் அறுவை முடிந்து, இத்தனை வாரம் கழித்து எழுத்தைப் படிக்கிறேன். முதலில் படித்தது மருந்துச் சீட்டு. அடுத்தது, லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பு.

"ஏ பிளாக் அடித்தளக் கம்பிகளுக்கான மின் பாதுகாப்பு வெற்றி. முன்பு அளவு: மைனஸ் 390. இப்போது: மைனஸ் 140. பி பிளாக்கிலும் இதே முறையில் இணைக்க 22ஆம் தேதி பொதுக்குழுவில் ஒப்புதல் கோரப்படும். - செயலாளர்."

செயலாளர் என் மாப்பிள்ளை. மகளின் கணவர். நான் இருப்பது அவர்கள் வீட்டில், பதினோராவது மாடியில், பால்கனியை ஒட்டிய அறையில்.

எங்கள் இரண்டு பிளாக்கின் கீழும் நிலத்தடி நீர் உப்பு. சென்ற ஆண்டு கீழ்த்தளத்துத் தூண் ஒன்றில் துருக்கறை வழிந்தது. துளை போட்டுப் பார்த்ததில் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டது தெரிந்தது. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கொடுக்காவிட்டால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பதினெட்டு மாடியின் பாரமும் அந்தக் கம்பிகளின் மேல்தான். கட்டடத்தைச் சுற்றி மண்ணில் தண்டுகளைப் புதைத்து, ஒரு மின்பெட்டி வைத்து, சிறிய மின்னோட்டம் கொடுத்தால் கம்பிக்குப் பதிலாகத் தண்டு தேயும், கம்பி பிழைக்கும். அதைத்தான் செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். நல்ல காரியம்.

மகளிடம் சொன்னேன். "அவர் முகத்த பாத்தீங்களாப்பா, ரெண்டு வாரமா தரையில கால் படல" என்றாள்.

மார்ச் 5

மைனஸ் 140.

காலையிலிருந்து இந்த எண் காலில் குத்திய முள் மாதிரி இருக்கிறது. நடக்கும்போது மட்டும் தெரிகிறது.

மின்னோட்டம் எதுவும் கொடுக்காத கட்டடத்தில் கம்பியின் மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் அளந்தால், மைனஸ் பெரிதாக இருப்பது கெட்டது. கம்பி அரிக்கிறது என்று பொருள். இதுவரை சரி. ஆனால் பாதுகாப்பு மின்னோட்டம் கொடுத்த பிறகு கணக்கு தலைகீழ். கம்பியை இன்னும் ஆழமாக மைனஸுக்குள் தள்ளுவதுதான் பாதுகாப்பே. காய்ச்சல்காரனுக்கு நெற்றி சுட்டால் நோய். ஒத்தடம் கொடுக்கும்போது சுட்டால் வைத்தியம். 390 என்பது ஏறியிருக்க வேண்டும். 600, 700 என்று. இறங்கியிருக்கிறதே.

இறங்கினால் என்ன பொருள்? மின்னோட்டம் எதிர்த்திசையில் போகிறது. கம்பி தண்டாகிவிட்டது. கம்பி தேய்கிறது.

அப்படியா? அல்லது நான் மறந்துவிட்டேனா? ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம். ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்தது பாலங்கள், அதுவும் கடல் தண்ணீரில் நிற்கும் பாலங்கள். கட்டட அடித்தளத்துக்கு வேறு மாதிரி அளக்கிறார்களோ என்னவோ. அச்சுப் பிழையாகவும் இருக்கலாம். 740 என்பதில் ஏழு ஒன்றாகியிருக்கலாம். புதுக் கண்ணாடி வேறு.

சந்தேகம் தீர மறுபடி லிஃப்டில் ஏறிப் படித்தேன். கீழே போய், மேலே வந்து, மறுபடி கீழே. மூன்றாவது மாடியில் டீச்சர் ஏறினார். "என்ன சார், லிஃப்டுலயே குடி வந்துட்டீங்களா? பராமரிப்புக் கட்டணம் ரெட்டிப்பா கேப்பார் உங்க மாப்பிள்ளை" என்றார். சிரித்து வைத்தேன்.

ஒன்றுதான். ஏழு இல்லை.

மார்ச் 6

கேட்கவில்லை. நாளை.

மார்ச் 7, சனி

இரவு உணவில் கேட்டேன். கேட்டேன் என்பதும் பெரிய வார்த்தை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "அந்த நூத்தி நாப்பது, அது கரன்ட் ஓடும்போது எடுத்ததா மாப்பிள்ளை?" என்றேன்.

"ஆமா மாமா. இருவத்தி நாலு மணி நேரமும் ஓடுது. ஏன்?"

"இல்ல... கொஞ்சம் அதிகமா வரணுமோன்னு."

"அதிகமாவா? முன்னூத்தம்பதுக்கு மேல போனா ஆபத்துன்னு அவங்க ரிப்போர்ட்லயே போட்டிருக்கு மாமா. நாலு தடவை படிச்சிட்டேன். மைனஸ்னா நஷ்டம். நஷ்டம் முன்னூத்தி தொண்ணூறுலேருந்து நூத்தி நாப்பதுக்கு வந்திருக்கு. இதவிட என்ன வேணும்?"

அவர் ஆடிட்டர். எண் எந்தப் பக்கம் போனால் நல்லது என்பது அவருக்கு ரத்தத்திலேயே இருக்கிறது.

"அது சரிதான்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? சரியில்லை என்று சொல்லத்தானே வாயைத் திறந்தேன்?

மகள் பல் டாக்டர். அவள் இடையில் புகுந்தாள். "எங்கிட்டயும் வருவாங்க. போன வாரம் வரைக்கும் உயிர் போற வலி டாக்டர், இப்ப சுத்தமா இல்ல, தானா சரியாப் போச்சுன்னு. பாத்தா நரம்பு செத்திருக்கும்."

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். "அப்பாவும் பொண்ணும் சேந்து என் பல்லப் புடுங்கப் பாக்கறீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் எழுந்துவிட்டார்.

கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நல்ல மனிதர். என் கண் அறுவைக்கு இரண்டு முறையும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர். ஆனால் நான் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தேன் என்று அவர் கேட்டதில்லை. நான் சொன்னதும் இல்லை. ஏதோ கப்பல் பெயின்ட் சம்பந்தமாக என்று நினைத்திருக்கிறார். பெண்ணைக் கொடுத்தவன் குனிந்துதான் நடக்க வேண்டும் என்பார்கள். பெண் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டவன் எவ்வளவு குனிவது?

மார்ச் 9, திங்கள்

இருவரும் வேலைக்குப் போனபின் கீழ்த்தளத்துக்குப் போனேன். இரண்டாவது கீழ்த்தளம், பம்பு அறைக்குப் பக்கத்தில் மின்பெட்டி. சாம்பல் நிறம், ஒரு ஆள் உயரம். முன்பக்கம் மூன்று சிறு திரைகள்: வோல்ட், ஆம்பியர், கம்பியின் அளவு. மைனஸ் 138 காட்டியது.

எலக்ட்ரீஷியன் நாற்காலியில் இருந்தார். இவருக்கு மின்னல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எந்த வேலைக்கு எழுந்தாலும் அரை மணி நேரம் ஆகும் என்பதால். அவரிடம் ஒரே ஓர் உதவி கேட்டேன். பெட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு அளவுத் திரையை மட்டும் பார்க்க வேண்டும். இதைவிட எளிய சோதனை கிடையாது. பாதுகாப்பு சரியான திசையில் இருந்தால், நிறுத்தியதும் மைனஸ் குறையும். தவறான திசையில் இருந்தால் கூடும்.

"ஒரு சுவிட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்கா இவ்ளோ யோசன?" என்றார் மின்னல். "நில்லுங்க, வர்றேன்."

வந்தார். நிறுத்தினார்.

138. பிறகு 190. 230. 260. மெதுவாக, கடிகார முள் மாதிரி ஏறிக்கொண்டே போனது.

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. இது நான் சரி என்று தெரிந்ததால் வந்த வேர்வை இல்லை. நான் தவறாக இருக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு நேரமும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"வயரை மாத்திப் போட்டிருக்காங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"மாத்திப் போட்டிருக்காங்கதான்" என்றார் மின்னல், கொட்டாவி விட்டபடி. "சார்தான மாத்தச் சொன்னார்."

"எந்த சார்?"

"உங்க மாப்ள சார்தான். மீட்டரம்மா இருக்குல்ல, கம்பெனிலேருந்து அளக்க வருமே, அது முதல்ல போட்டப்ப நம்பர் எழுநூறுக்குப் போயிடுச்சு. சார் வந்தார். ஒரே சத்தம். முன்னூத்தி தொண்ணூறா இருந்தத எழுநூறு ஆக்கி வச்சிருக்கீங்களே, வைத்தியம் பாக்க வந்தீங்களா பாடை கட்ட வந்தீங்களான்னு. அந்தம்மா என்னமோ சொல்லுச்சு. அது பேசினா அதுக்கே கேக்காது. அப்புறம் சார் கம்பெனிக்கு போன் போட்டார். அங்கேருந்து, கஸ்டமர் சொல்றபடி செஞ்சுட்டு வான்னுட்டாங்க. மாத்துச்சு. நம்பர் எறங்குச்சு. சார் எங்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் குடுத்தார்."

பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தேன். இரண்டு தடித்த வயர்களிலும் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. பிறகு வருகிறவருக்குத் தெரியட்டும் என்று அந்த அம்மாள் சுற்றியிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். பேசியிருக்க மாட்டேன், டேப் சுற்றியிருப்பேன்.

மின்னல் மறுபடி ஓட விட்டார். நான் தடுக்கவில்லை.

மார்ச் 10

ஏன் தடுக்கவில்லை?

ஒரு ஆம்பியர் ஒரு வருடம் தவறான திசையில் ஓடினால் ஏறத்தாழ ஒன்பது கிலோ இரும்பைக் கரைக்கும். பெட்டியில் ஆறு ஆம்பியர். எல்லாம் இரும்பிலேயே போகாது, தெரியும். ஆனால் உப்பு சேர்ந்த இடத்தைத் தேடித்தான் போகும், அதுவும் தெரியும். இன்றைக்கு ஒன்றும் விழுந்துவிடாது. நடந்தது சில வாரங்கள்தான். கம்பி தாங்கும். ஆனால் இப்படியே விட்டால் தூணுக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில், வேலி பயிரை மேய்ந்துகொண்டே இருக்கும். 22ஆம் தேதிக்குப் பிறகு இரண்டு பிளாக்கிலும் மேயும்.

மத்தியானம் ஒரு யோசனை வந்தது. கொஞ்ச நேரம் அதில் சந்தோஷமாக இருந்தேன். மின்னலைக் கேட்டு வயரை நானே சரியாக மாற்றிவிட்டால்? யாருக்கும் தெரிய வேண்டாம். மாப்பிள்ளைக்கு அவமானம் இல்லை. எனக்குப் பேச்சு இல்லை.

ஆனால் எண் இருக்கிறதே. சரியாக மாற்றிய மறுநாள் அது எழுநூறுக்கு ஏறும். அவர் பார்ப்பார். பதறுவார். மறுபடி மாற்றச் சொல்வார். அந்த எண்ணைப் படிக்கும் விதம் மாறாமல் வயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆகவே பேசித்தான் ஆக வேண்டும். இந்த முடிவுக்கு வர எனக்கு மூன்று பக்கம் கிறுக்க வேண்டியிருந்தது.

மகளிடம் முதலில் சொல்லலாமா? வேண்டாம். அவளைத் தூதுக்கு அனுப்பினால் வாங்கிக்கட்டிக்கொள்வது அவள்.

மார்ச் 11

போய் நிறுத்திவிட்டேன். நானே. மின்னல் சாப்பிடப் போயிருந்தார். சும்மா இருப்பது எதிர்த்திசையில் ஓடுவதைவிட மேல்.

லிஃப்டில் திரும்பி வரும்போது அந்த அறிவிப்பைப் பார்க்காமல் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 12

காலையில் மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தார். கைபேசியில் யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள், பெட்டியில் 370 காட்டுகிறது என்று.

"யாரோ பெட்டிய ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. அந்த மின்னல் கிட்ட கேட்டா எனக்குத் தெரியாதுங்கறான். இன்னிக்கு அவனுக்கு இருக்கு."

"நான்தான் மாப்பிள்ளை."

அவருக்குப் புரியவில்லை. மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்களா? மாமா, நீங்க இந்த வீட்ல ஃபேன் போடணும்னாகூட கேட்டுட்டுத்தான் போடுவீங்க."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது வரிசையாக நினைவில்லை. காய்ச்சல், ஒத்தடம் என்றேன். பாலங்களைப் பற்றிச் சொன்னேன். முப்பத்தொரு வருடம் அந்த ஒரு வேலைதான் செய்தேன் என்றேன். நிறுத்தினால் எண் எந்தப் பக்கம் போகிறது என்று அவரே பார்க்கலாம், என்னை நம்ப வேண்டியதில்லை என்றேன். நடுவில் தண்ணீர் குடித்தேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அந்தம்மா முதல்ல போட்டது..."

"அதுதான் சரி."

"நான் மாத்தச் சொன்னது..."

தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் அடுத்துக் கேட்டது வேறு. "ஒரு வருஷமா இந்த வீட்ல இதே பேச்சு மாமா. இதே மேஜையில. கொட்டேஷன் வாங்கினேன், மீட்டிங் போட்டேன், ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு மண்டைய ஒடச்சுக்கிட்டேன். முப்பத்தொரு வருஷம் இதே வேல பாத்தவர் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை?"

நீங்கள் கேட்கவில்லையே என்பது நாக்கு நுனி வரை வந்தது. அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. விழுங்கிவிட்டேன்.

அவர் மேல் பொத்தானைப் போடாமலே கிளம்பிவிட்டார்.

மார்ச் 13

யாரும் யாருடனும் பேசவில்லை. மகள் மட்டும் "சாப்பிட வாங்க" என்றாள், இரண்டு பேரையும் சேர்த்து, சுவரைப் பார்த்து.

மார்ச் 14, சனி

கீழே போனேன். மின்னல் என்னைப் பார்த்ததும் இரு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். "பெரியவரே, உங்களால என் தூக்கம் போச்சு. நேத்து சார் தனியா வந்தார். பெட்டிய ஆன் பண்ணுன்னார், ஆஃப் பண்ணுன்னார். மறுபடி ஆன், மறுபடி ஆஃப். அரை மணி நேரம் அந்த நம்பரையே பாத்துட்டு நின்னார். அப்புறம் போன் போட்டு மீட்டரம்மாவ வரச் சொன்னார்."

அந்த அம்மாள் வந்திருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் தலைக்கவசம், தோளில் அளவுக் கருவிப் பை. வயர்களைச் சரியாக மாற்றி முடித்து, வெள்ளை டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். திரையில் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. 410. 430. எனக்கு அது ஏறுவதைப் பார்க்கப் பார்க்க மூச்சு சீராயிற்று.

என்னை யார் என்று மின்னல் சொல்லியிருப்பார் போல. "நான் சொன்னேன் சார்" என்றார் அவர். காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "சத்தமா சொல்லல. அதான் என் தப்பு."

"எனக்கும் அதே வியாதிதான்மா" என்றேன். சிரித்தார்.

பிறகு டேப்பை உருண்டையாக்கிப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார். அவர் அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். யார் மாற்றச் சொன்னது என்று. தொலைபேசியில் சரி என்று சொன்ன மேலதிகாரிக்கு இப்போது அந்தப் பேச்சே நினைவில்லையாம். "உங்க சங்கத்துலேருந்து என்ன எழுதி வருதோ, அத வச்சுத்தான் சார். எம்மேலன்னு வந்தா வேற ஆளப் போட்ருவாங்க." புகாராகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

மார்ச் 16, திங்கள்

மாப்பிள்ளை என் அறைக்கு வந்தார். இந்த வருடத்தில் முதல் முறை என்று நினைக்கிறேன். கையில் ஒரு தாள்.

"லிஃப்ட்ல போட வேண்டிய அறிவிப்பு மாமா. கம்பெனிக்கும் இதேதான் போகுது. சயின்ஸ் மட்டும் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க."

சயின்ஸ் நன்றாகவே எழுதியிருந்தார். மின்னோட்டம் ஓடும்போது மைனஸ் கூடுவதே பாதுகாப்பு என்பதை நான் சொன்னதைவிடத் தெளிவாக. இரண்டு இடத்தில் மட்டும் திருத்தம். ஆனால் நடுவில் ஒரு வரி: "ஒப்பந்த நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளர் வயர்களை மாற்றி இணைத்திருந்ததால் முந்தைய அளவு தவறாக இருந்தது."

இது பொய் இல்லை. அதுதான் சங்கடம். மாற்றி இணைத்தது அந்த அம்மாளின் கைதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் ஒருவர் வேலையைப் பறித்துவிடலாம் என்று அந்த வரியைப் படிக்கும்போது தெரிந்தது.

மகளிடம் காட்டினேன். நெடுநேரம் தாளையே பார்த்தாள். "அப்பா, அவர் வயரை மாத்திட்டார். அதுவே பெரிய விஷயம். நாலு நாளா சரியாத் தூங்கல. இதயும் ஏன் கிளறணும்? ஒரு வரிதான?"

"ஒரு வரிதான்" என்றேன்.

"நீங்க சொல்ற 'தான்' எனக்குத் தெரியும்பா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 17

பேசலாம். பேசினால் அவர் முகம் எப்படி ஆகும் என்று தெரியும். கட்டடத்துக்காக ஒரு முறை பேசியாயிற்று. இரண்டாம் முறைக்கு என்னிடம் சரக்கு இல்லை.

யார் அந்த அம்மாள்? கால் மணி நேரம் பார்த்திருப்பேன். பெயர்கூடத் தெரியாது. நாளை அவர் வராவிட்டால் வேறு ஒருவர் வருவார், சொன்னபடி கேட்கிற ஒருவர். சத்தமாக இல்லாவிட்டாலும், அவர் சொல்லத்தான் செய்தார். நான் அந்தச் சமயத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பென்சிலை எடுத்தேன். சயின்ஸ் திருத்தம் இரண்டையும் போட்டேன். பிறகு அந்த வரியில் "தொழில்நுட்பப் பணியாளர்" என்பதன் மேல் ஒரு கோடு. ஓரத்தில் எழுதினேன்: "சங்கக் குழுவின் அறிவுறுத்தலின்படி வயர்கள் மாற்றப்பட்டதால்". பென்சில்தான். வேண்டாம் என்றால் அவர் அழித்துக்கொள்ளலாம்.

அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 18

ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 19

ஒன்றும் சொல்லவில்லை. மேஜையில் தாள் இல்லை. பெட்டியில் 690.

மாலையில் மகள் கேட்டாள், "என்ன எழுதிக் குடுத்தீங்க? ரெண்டு நாளா அந்தத் தாளப் பையிலயே வச்சுட்டு அலையறார்." சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "அவருக்கு அம்மா அடிச்சாகூட வலிக்காதாம், பேசாம இருந்தாத்தான் வலிக்குமாம். கல்யாணமான புதுசுல சொன்னார்" என்றாள். இதை ஏன் இப்போது சொன்னாள் என்று தெரியவில்லை.

மார்ச் 21, சனி

அறிவிப்பு ஒட்டியாயிற்று. பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். லிஃப்ட் கீழே போய்க் கதவு திறந்து, மறுபடி மூடியும் நான் இறங்கவில்லை.

என் பென்சில் வரி அதில் இல்லை. பழைய வரியும் இல்லை.

"நிறுவனத்தின் பணியாளர் வயர்களை முதலில் சரியாகவே இணைத்திருந்தார். அளவைத் தவறாகப் புரிந்துகொண்டு, அவருடைய எச்சரிக்கையைக் கேட்காமல், அவற்றை மாற்றச் சொன்னது செயலாளராகிய நான்."

நின்றபடி மூன்று முறை படித்தேன். முதலில் அவரைப் பற்றித்தான் நினைத்தேன். பிறகுதான் என்னைப் பற்றி. குழுவின் அறிவுறுத்தல் என்று எழுதினேனே, குழு எங்கே அறிவுறுத்தியது? குழுவில் இருக்கும் மற்ற நான்கு பேர் கீழ்த்தளத்துக்கே வந்ததில்லை. ஒருவர் மேல் விழுந்தால் தாங்க மாட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாத நான்கு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் முதலில் எழுதியதில் ஒரு மறைப்பு. நான் திருத்தியதில் ஒரு பொய். அவர் இரண்டையும் அடித்துவிட்டார்.

மாப்பிள்ளையை நான் இருபது வருடமாகத் தவறாக அளந்திருக்கிறேனோ?

இரவு உணவில் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. "பேங்க்ல இந்த வருஷம் பென்ஷன்காரங்களுக்கு வாழ்நாள் சான்று ஆன்லைன்லயே குடுக்கலாமாம் மாமா, நான் போட்டுத் தர்றேன்" என்றார். சரி என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

பொதுக்குழு. கீழே கூடத்தில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். நான் கடைசி வரிசை, கதவுக்குப் பக்கம்.

எதிர்பார்த்த மாதிரியே பி பிளாக்குக்காரர் ஒருவர் எழுந்தார். "செயலாளரே தப்புன்னு எழுதிட்டார். நாளைக்கு எங்க பிளாக்லயும் அவர் பல்ப மாத்தற மாதிரி வயரை மாத்தினா?" சிரிப்பு. கொஞ்சம் நீண்ட சிரிப்பு. மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது. அவர் ராஜினாமா செய்துவிடுவாரோ என்று பயந்தேன். ஒப்புதலே நின்றுபோய் அந்தக் கம்பிகள் அப்படியே உப்பில் கிடக்குமோ என்றும்.

மூன்றாவது மாடி டீச்சர் எழுந்தார். "கிண்டல் அப்புறம். மைனஸ் ஏறினா நல்லதுங்கறீங்க, அன்னிக்கு எறங்கினா நல்லதுன்னீங்க. இனிமே எது சரின்னு யார் சொல்லி நாங்க நம்பறது?"

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எப்படியோ தெரிந்திருக்கிறது, மின்னல் வாய் அவர் காலைப் போல இல்லை. எழுந்து போய்விடலாமா என்று கதவைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. சுவரோரம் கையைக் காட்டினார். அங்கே தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த அம்மாள் நின்றிருந்தார். வருவார் என்று எனக்குத் தெரியாது.

"அவங்க சொல்லுவாங்க. ரெண்டு பிளாக்குக்கும் இனிமே அவங்கதான் அளக்கறாங்க, கம்பெனில எழுதி வாங்கிட்டேன். கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவாங்க. அதனால..." என்று சற்று நிறுத்தினார். "அந்த ஃபேன நிறுத்துங்க. யாரும் பேசாதீங்க."

மின்னல் எழுந்து போய் நிறுத்தினார். அரை மணி நேரம் ஆகவில்லை.

அந்த அம்மாள் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பேசினார்.

கடைசி வரிசை வரை கேட்டது.